கால்மாட்டுப் பக்கம்

நாலு புள்ளி இரண்டில் ஓட வேண்டிய ப்ராசஸரை
நாலு புள்ளி எட்டுக்கு விரட்டியவன் நான்.
வோல்டேஜை இம்மி இம்மியாய் ஏற்றி
நீலத் திரையில் விழுந்து விழுந்து எழுந்து
கடைசியில் நின்றது.
தொண்ணூற்றாறு டிகிரியில் நின்றது.

ஹவல்லியில் தரைக்குக் கீழே கடை.
மஃமூன் மூன்று ஹீட்சிங்க் எடுத்து வைத்தார்.

முதலாவது குட்டை.
விசிறி நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று.
அதன் அண்ணன்தான் என் அறையில்
இப்போது அலறிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, தண்ணீர் ஓடுவது.
முப்பத்தைந்து தினார்.
ஒழுகினால்? என்றேன்.
ஒழுகாது என்றார்.
ஒழுகினால்? என்றேன் மறுபடி.
சிரித்தபடி பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

மூன்றாவது ஒரு கோபுரம்.
ஆறு தாமிரக் குழாய்,
ஐம்பது சொச்சம் அலுமினியத் தகடு,
விரித்த கையளவு விசிறி, சோம்பேறி.
ஹாதா ஸேன் என்று சுண்டிக் காட்டினார்.
உயரம் நூற்று அறுபத்து மூன்று மில்லிமீட்டர்.
என் பெட்டிக்குள் இடம்
நூற்று ஐம்பத்தெட்டு.

அந்த ஐந்து மில்லிமீட்டரோடு
தெருவில் கால் மணி நேரம் நின்றேன்.
ஜூலை. மாலை ஆறரை. நாற்பத்தேழு டிகிரி.
என் பிடரிக்கு
யாரும் தெர்மல் பேஸ்ட் தடவவில்லை.

திரும்ப இறங்கிப்போய்
பதினெட்டு தினாரை எண்ணிக் கொடுத்தேன்,
வியாகுலத்துக்காக.

கீழ்க்கட்டில் அவருடையது.
ஷுவைக்கில் குளிர்கிடங்கு, இரவு வேலை,
மைனஸ் பதினெட்டில் கோழிப்பெட்டி அடுக்குகிறவர்.
காலை ஏழுக்குப் போர்வைக்குள் நுழைவார்.
ஏழரைக்கு நான் ரெண்டரிங்கைத் தட்டிவிட்டுக் கிளம்புவேன்.
மிஷ்ரிஃபில் யாரோ கட்டப்போகும் வில்லாவின்
நீச்சல் குளத்தில் வெயில் விழும் சாய்வை
அது பகல் முழுக்கக் கணக்குப் போடும்,
அவருடைய கட்டிலிலிருந்து இரண்டடியில்,
மிக்ஸி போல.
ஒரு நாளும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.
அதுதான் உறுத்தியது.

வெள்ளி இரவு பழசைக் கழற்றினேன்.
தகட்டிடுக்கெல்லாம் மைதா மாதிரிப் பாலைவனம்.
பேஸ்ட் ஒரு பட்டாணியளவு.
பக்கக் கதவு மூடவில்லை, மூடவேண்டாமென்று விட்டேன்.
எழுபத்தொன்று!
ஓடுகிறதா என்று
காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஞாயிறு மாலை வந்தால்
வியாகுலம் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.
கண் இரண்டும் மிளகாய்.

"மிஷின் செத்துப்போச்சா தம்பி?
பொட்டுத் தூக்கம் இல்ல.
கிடங்குல பன்னெண்டு ஃபேன் ஓடும்.
சத்தம் நின்னா எந்திரிச்சு ஓடணும்னு
ஒடம்புக்குப் பழகிப்போச்சு."

பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு:

"அதுவும் போக
பழசு கால்மாட்டுல வெதுவெதுன்னு ஊதும்.
பூட்ஸுக்குள்ள வெறச்ச வெரலு
பத்து மணி வாக்குலதான்
என் வெரலாவும்."

சூடு குறையவில்லை அண்ணே என்றேன்,
அதே நூற்றெழுபது வாட்தான்,
சிப்பை விட்டுச் சீக்கிரம் கிளம்புகிறது,
கதவு திறந்திருப்பதால் கண்டபடி போகிறது.

"தெரியாதா? எங்க கிடங்கும் அதான்.
கோழிகிட்டேருந்து எடுத்து
ரோட்டுல போறவன் மேல ஊத்துறோம்."

பெட்டியைப் பிடித்துத் திருப்பினோம், இரண்டு பேருமாய்.
கேபிள் எட்டவில்லை.
மானிட்டரை ஃப்ரிட்ஜ் தலையில் ஏற்றினோம்.
திறந்த பக்கத்துக்கு அட்டை வெட்டி ஒட்டினேன்,
ஐந்து மில்லிமீட்டர் புடைத்துக்கொண்டு நின்றது.
காற்று இனி பின்வழியாக மட்டும்.
விசிறியை வேண்டுமென்றே ஏற்றினேன்,
சத்தம் இவ்வளவு போதுமா,
இன்னும் கொஞ்சம்,
இப்போ?

மறுநாள் காலை ஏழே முக்கால்.
ரெண்டரிங் இரண்டு சதவீதம்.
ஷூவுக்குள் காலை விடும்போது பார்த்தேன்:
போர்வைக்கு வெளியே
பத்து விரலும் நீட்டிக்கொண்டு
மிஷ்ரிஃப் வெயிலில் கிடந்தன.