பதினைந்து மீற்றர் நாடா

இந்த வருசத்தில் இது மூன்றாவது.
இடது கெண்டைக்கால், உட்பக்கம்,
பழைய தழும்புக்கு ஒரு விரல் மேலே.
பண்ணைப் பாலத்தில் பொலிஸ் மறிக்க
அவசரமாய் இறங்கினவள்
சைலன்சரோடு காலை வைத்துவிட்டாள்.
கத்தவில்லை ஜெனிற்றா.
லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ்
எல்லாம் நான் காட்டி முடியும்வரை
கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
மண்டைதீவுக்கு வந்து, கேற்றைத் திறந்து,
செருப்பைக் கழற்றின பிறகுதான் சொன்னாள்:
"ஒண்டில் இந்தக் குழாய். ஒண்டில் நான்."

என்னுடையது இரட்டைக் குழாய் ஹொண்டா.
எந்தப் பக்கத்தால் இறங்கினாலும் நெருப்பு.

ஸ்ரான்லி வீதியில் ஒரு கடையில்தான் இருந்தது,
சூடு தாங்கும் நாடா,
இரண்டு அங்குல அகலம், பதினைந்து மீற்றர்,
செத்த பாம்பின் நிறம்.
ஊறவைத்துச் சுற்றுங்கோ, காய்ந்தால் இறுகும் என்றான் பெடியன்.
மீன் கழுவுகிற பேசினில் ஊறப்போட்டேன்.
கையுறை போடு என்றும் சொன்னவன்.
அதை நான் கேட்கவில்லை.

நேரான இடத்தில் பிழையில்லாமல் போனது.
வளைவில் என் சுற்று வாயைப் பிளந்தது.
அவிழ்த்தேன். சுற்றினேன். பிளந்தது.
படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள்
மூன்றாம் தரம் எழும்பி வந்தாள்.
"விடுங்கோ. அது குதிக்காலுக்குப் போடுற கட்டு."

பெரியாஸ்பத்திரியில்
புண்ணுக்கு மருந்து கட்டும் அறையில்
பதினொரு வருசம் நிற்கிறாள்.
நான் மேலிருந்து கீழே கொண்டுவந்ததை
முழுக்க உருவி எடுத்தாள்.
"கீழயிருந்து மேல. நெஞ்சுப் பக்கம் பார்த்துத்தான் கட்டவேணும்."
நெஞ்சுப் பக்கம் என்றது எஞ்சினை.
ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் கால்வாசி ஏறி,
வளைவில் எட்டுப் போட்டு,
விரலால் ஒருக்கால் நீவி,
மறுபடி ஏறி.
நான் நாடாவின் மற்ற நுனியை
இழுத்துப் பிடித்துக்கொண்டு
முற்றத்தில் பின்னுக்கு நடந்தேன்,
பிறகு முன்னுக்கு.

கடைசியில் உருக்குப் பட்டி.
குறட்டால் இழுத்து இறுக்கும்போது
வாய் தவறி
"நோகுதோ?" என்றாள்.

குழாயிடம்தான்.

"இல்லை" என்றேன்.

ஸ்ரார்ட் பண்ணினதும் புகை.
பெடியன் அதையும் சொல்லித்தான் இருந்தான்,
ஆனால் இவ்வளவு என்று சொல்லவில்லை.
பக்கத்து வீட்டு அருளப்பு
வாளித் தண்ணியோடு வேலிக்கு வந்துவிட்டார்.
"முதல் நாள் இப்பிடித்தான் அண்ணை" என்று கத்தினேன்.
நம்பவில்லை.
புகை அடங்கும்வரை வாளியைக் கீழே வைக்காமல் நின்று
பிறகு அதைத் தன் கத்தரிக்கு ஊற்றிவிட்டுப் போனார்.

அன்றிரவு கடித்தது.
கண்ணாடி நார், கண்ணுக்குத் தெரியாதது,
முழங்கைவரைக்கும்.
ரேப் ஒட்டி ஒட்டி உரித்துப் பார்த்தோம்.
ஆளையாள் முட்டாமல்
கைகளைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு
ஒரு மணிபோலச் சிரிப்பு வந்தது, ஏன் என்று தெரியாது.

கொட்டடியில் புனிதராசா பார்த்துவிட்டு
தலையை ஆட்டினான்.
"உப்புக் காத்து அண்ணை.
இந்தத் துணி ஈரத்தை விடாது.
உள்ளுக்கால கறள் தின்னும், வெளியால தெரியாது.
ரெண்டு மாரி. அவ்வளவுதான்."

வந்து சொன்னேன்.
ஜெனிற்றா மேலே பார்க்கவில்லை.
"கட்டினால் மாத்தத்தானே வேணும்" என்றாள்.
கலண்டரில் ஐப்பசி பிறக்கிற நாளுக்குக் கீழே
பேனையால் சின்னதாய் எழுதினாள்:
குழாய், அவிழ்க்க.

இப்போது தொட்டாலும் முன்னைப்போலச் சுடுவதில்லை.
கையை வைத்துக் காட்டினேன். அவளும் வைத்துப் பார்த்தாள்.
என்றாலும் காலை ஆறரைக்குப் பாலம் ஏறும்போது
பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் சரித்தால் தெரியும்:
கல்லும் குழியும் வந்தாலும்
நாலு விரல் அகலத்துக்கு
வெளியே தூக்கிப் பிடித்தபடி
அந்த இடது கால்.

கண்ணாடியைத் திருப்பி விட்டுவிடுவேன்.