பக்கத்துக்கு எண்ணூறு ரூபா

கரடிப்போக்குச் சந்தியில்
பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்து
எல்லாம் மொழிபெயர்க்கும் என் கடைக்கு
முத்தையன்கட்டிலிருந்து வந்தார் நிமலேந்திரன்.
வெட்டுமெசின் ஓட்டுகிறவர்.
உமித்தூசு படிந்த கையால் மேசையில் வைத்தார்
விசாரணை அறிக்கையை.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
"ஆற்ற பிழை எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அப்படி எழுதப்பட்ட கடதாசி இல்லை அது.

இரவு. எவருடையதோ ஒரு கடலுக்கு மேல்.
கட்டுப்பாட்டு அறையில் இரண்டு மேசைக்கு ஒரே ஆள்.
மற்றவர் சாப்பிடப் போயிருந்தார், விதிப்படிதான்.
ஏறு, முப்பத்தோராயிரம் அடி என்றார் இருந்தவர்.
முப்பத்து மூவாயிரம் என்று திருப்பிச் சொன்னான் விமானி.
காதில் விழுந்திருந்தால் திருத்தியிருப்பார்.
அதே நொடியில் பொத்தானை அமுக்கினான்
முப்பத்து மூவாயிரத்தில் வந்துகொண்டிருந்த மற்றவன்.
இருவர் ஒன்றாகக் கதைத்தால் அந்த அலைவரிசையில்
இருவர் குரலும் கேளாது.
ஒரு கீச்சொலி மட்டும்.
இரண்டரை விநாடி என்று அளந்திருக்கிறார்கள்.
எச்சரிக்கிற கருவி ஒன்றில் பழுது;
திருத்தக் குறித்த நாள் அடுத்த செவ்வாய்.
முகில் இல்லை. நல்ல நிலவு.

வாசித்துக் காட்டியபோது
கீச்சொலி வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.
"கடைசியா ஃபோனில நாங்களும்
ரெண்டு பேரும் ஒண்டா 'சொல்லு' எண்டனாங்கள்.
பிறகு ரெண்டு பேரும் பேசாமல் இருந்தம்.
பிறகு காசு முடிஞ்சுது."
தண்ணீர் கேட்டார். குடிக்கவில்லை.

இருக்கை முப்பத்தொன்று, ஜன்னல் பக்கம்: சுகந்தமலர்.
குவைத்தில் மூன்று வருடம்
யாரோ பிள்ளைகளுக்குத் தலை இழுத்துவிட்டு
திரும்பி வந்துகொண்டிருந்தவர்.

பதினேழாம் பக்கத்தில்தான் நான் நின்றேன்.
இரண்டு விமானங்களுக்கு நடுவே
இருந்தே தீரவேண்டிய வெறுமைக்கு
அவர்கள் வைத்திருக்கிற பெயர்
பிரிவு.
பிரிவு பேணப்பட்டது.
பிரிவு குறையத் தொடங்கியது.
இரவு பத்து நாற்பத்தொன்றுக்குப் பிரிவு இழக்கப்பட்டது.

பிரிவென்றால் வளை கழன்று விழுகிற மொழியில்
இதை எப்படி எழுதுவது?
பிரிவு இருந்தவரை உயிரோடிருந்தார்கள் என்றா?
அவர்கள் இருவருக்கும் பிரிவு முடிய
ஓர் இரவும் ஒரு பஸ்ஸும் இருந்தது.

அடித்தேன். இடைவெளி என்று எழுதினேன்.
அது நாற்று நடுகிறவர்கள் விடுவது.
அடித்தேன்.

வெளியே ஏ ஒன்பதில் லொறிகள்
ஒன்றை ஒன்று உரசாமல் விலகிப் போயின.
அவர் வானத்தைப் பார்த்தபடி இருந்தார்.
வன்னியில் நாற்பது தாண்டிய எவரும்
அப்படித்தான் பார்ப்பார்கள், முதலில் காதால்.
கிபிர் வருமுன் நாய்கள் கட்டிலுக்குக் கீழே போகும்.
வண்டு இரவு முழுக்க ஒரே இடத்தில் அரைக்கும்.
ஒன்றோடொன்று அவை முட்டியதே இல்லை.
நல்ல பிரிவு விட்டு
ஒழுங்காகத்தான் வந்து போயின.

"தவறுதலா நடந்ததுக்கு
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்" என்றார்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

எழுபத்துநாலாம் பக்கத்தில் படம்:
ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு.
வெட்டுகிற புள்ளியில் பெருவிரலை வைத்து
அழுத்திக்கொண்டே இருந்தார்.
எடுத்தபோது அங்கே கிறீஸ்.
அதோடுதான் கொப்பி எடுத்தேன்.

எண்பத்தொன்பதாயிரத்து அறுநூறு.
பாதிதான் வாங்கினேன்.

கடைசித் தாளில் என் முத்திரை:
மூலத்தில் உள்ளதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை,
எதையும் விடவில்லை எனச் சத்தியம் செய்கிறேன்.
பதினேழாம் பக்கத்தில் ஒரு சொல்
மூன்று தடவை அடிபட்டு
பழைய இடத்துக்கே திரும்பியிருக்கிறது.
வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.