ஒன்றே முக்கால் கிராம்

டச்பாரில் டெரன்ஸ் ராகல் வீட்டு விறாந்தையில்
மூன்று வைத்திருந்தார்.
ஒன்றுக்கு மூடி மட்டும்தான் அழகு.
மற்றது யப்பான், நூறு வோல்ட்;
கட்டினால் ஒரு ட்ரான்ஸ்போமரையும் சேர்த்துக் கட்டவேண்டும்.
மூன்றாவது பெல்ட்டில் சுற்றும் கனத்த தட்டு.
விளிம்பில் விரல் வைத்து ஆட்டினேன், அசையவில்லை.
ஊசிக்கையைப் பக்கவாட்டில் தட்டிப் பார்த்தேன்,
மயிரளவு ஆட்டமும் இல்லை.
பெட்டியின் மரத்தில் மட்டும்
மட்டம் பிடித்துக் கீறியதுபோல் பழுப்பாய் ஒரு கோடு.

"அது தண்ணி ஏறின கோடு" என்றார் டெரன்ஸ்.
"அலுமாரிக்கு மேலதான் வெச்சிருந்த.
அங்கயும் வந்திச்சி. மோட்டர் பிறகு மாத்தின."

திருகாணித் துருவுக்கு விலை குறைத்துக் கேட்டேன்.
கோட்டுக்குக் கேட்கவில்லை.
அவர் எண்ணூறு குறைத்தார்,
லேபல் கிழிந்த வயலின் தட்டு ஒன்றைச் சும்மா தந்தார்.

முதல் இரவு வீடு முழுக்க ஒரே முனகல்.
போன் எடுத்தேன்.
"மீன் பாடுதாக்கும் மிஸ், கல்லடிப் பாலத்தில காத வைங்க"
என்று சிரித்துவிட்டு, பச்சை வயர் எங்கே என்றார்.
அம்ப்பின் பின்திருகில் சுற்றி இறுக்கினேன்.
மீன் வாயை மூடிக்கொண்டது.

பிறகு கல்முனை பஸ் போகும்போதெல்லாம் ஊசி குதித்தது.
ஆரையம்பதியில் சிங்க் பதிக்க வெட்டி எறிந்த
கருங்கல் துண்டொன்று கிடைத்தது.
ரப்பர் பந்து இரண்டைப் பாதி பாதியாய் அறுத்து
நாலு மூலைக்கும் கொடுத்தேன்.
பஸ் போனது. ஊசிக்குத் தெரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நல்ல கார்ட்ரிட்ஜ் பெட்டியைவிட விலை.
கச்சேரியில் முதற்சம்பளத்துக்கு வாங்கிய மோதிரத்தை
காத்தான்குடி றம்ஸீன் நானா கடையில் கழற்றினேன்.
மூன்று தசம் இரண்டு கிராம்.
"ஒரு மாசம் உருக்காம வெக்கிறன்" என்றார்
நான் கேட்காமலே.

மூன்று கிழமையில் ஊசி வந்தது.
திரும்பப் போய்த் தராசு கேட்டேன்.
"என்ன நகை?"
"நகை இல்ல நானா, ஊசி. எவ்வளவு பாரமா
அமத்துது எண்டு பாக்கணும்."
"தராசு கடைய விட்டு வெளிய போறல்ல" என்றவர்
அஸர் தொழுதுவிட்டு
தராசைத் துவாயில் சுற்றிக்கொண்டு
மோட்டார்சைக்கிளில் தானே வந்து நின்றார்.

இரண்டு தசம் ஒன்று. பின்குண்டைத் திருகினேன்.
ஒன்று தசம் ஒன்பது. இன்னும்.
ஒன்று தசம் ஏழு ஐந்து.
"பவுணுக்கு இப்பிடி நுணுங்கினா
என்ட யாவாரம் படுத்திரும்."

டெரன்ஸின் தட்டைப் போட்டேன்.
பழைய ஊசி உழுது தேய்த்த தடம்;
இரைச்சலை எதிர்பார்த்திருந்தேன்.
மெல்லிய முனை இன்னும் கீழே இறங்கி
அது தொடாத சுவரைப் பிடித்துக்கொண்டது.
வயலினுக்கு முன் பலகையில் யாரோ காலால் தாளம்.
ஒரு கதிரை இழுபடுகிறது.
யாரோ இருமலை அடக்கப் பார்த்து
அடக்க முடியாமல் இருமுகிறார்.

றம்ஸீன் நானா தலைக்கவசத்தை மடியில் வைத்தபடி
அந்தப் பக்கம் முடியும்வரை இருந்தார்.
"மத்தப் பக்கம் இரிக்கா?"
"இரிக்கி."
"நாளைக்கு வாறன். மஹ்ரிபு வருது."

அவர் போனபின் மட்டக்குமிழியை வைத்துப் பார்த்தேன்.
இடது பின்மூலை ஒரு நூல் பதிவு.
கையில் அகப்பட்டது மோதிரச் சீட்டு.
நாலாய் மடித்துக் கல்லுக்கடியில் செருகினேன்.
குமிழி நடுவில் நின்றது.

மாசம் முடிய இன்னும் ஒன்பது நாள்.
அதற்குள் வேறொரு கடதாசி தேடவேண்டும்,
இதே தடிப்பில்.