எழுபத்திரண்டு சதவீதம்

எங்கள் பழைய முறைக்கு அருவி என்று பெயர்.
தேவை, வடிவம், கட்டுமானம், சோதனை, ஒப்படைப்பு:
மேலிருந்து கீழே ஒரே பாய்ச்சல்,
விழுந்த நீர் ஏறாது.
பெயர் வைத்தவர் ஷாஃப்ஹவுசனுக்கு வந்திருக்கமாட்டார்.
இங்கே பேருந்தில் பத்து நிமிடம் போனால் ரைன் விழுகிறது.
அதைப் பார்த்த எவரும்
அதன்மேல் படகு விடுவதைத் திட்டம் என்று சொல்லமாட்டார்.

பதினெட்டு மாதத்தை
இருபத்தாறு தாள்களில் அச்சடித்து
நடைக்கூடத்தில் ஒட்டியவள் நான்தான்.
நீலப் பட்டைகள், ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று.
நகரத்துக் குடிநீர் வால்வுகளை இயக்க ஒரு மென்பொருள்.
ஒன்பதாம் மாதம் மேலிடம் கேட்டது: எவ்வளவு முடிந்தது?
எழுபத்திரண்டு சதவீதம் என்றேன்.
எழுபது என்றால் ஊகம் என்பார்கள்.
எழுபத்திரண்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

அன்றுவரை ஒரு வால்வும் அசையவில்லை.

பிறகு நாட்யா வந்தாள்.
வாரத்தில் நான்கு நாள்தான் வேலை, ஐந்தாம் நாள் மலை என்று
நேர்முகத்திலேயே சொன்னவள்.
"இரண்டு வாரத்தில் ஒரு வால்வைத் திருப்புவோம்."
மீதி நானூற்றுப் பத்து?
"தெரியாது."
அந்தச் சொல்லை இவ்வளவு சுளுவாகச் சொல்ல
எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

நீலப் பட்டைகளின் மேலேயே மஞ்சள் சீட்டுகள் ஏறின.
காலை ஒன்பதே கால், நின்றபடி கூட்டம்.
முழங்கால் வலிக்கும் ரேட்டோ
உட்கார்ந்தபடி நிற்பார்.
நிரோஜன் திரைக்குள், மடியில் மகள்;
அவன் நேரத்தையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.
ஓர் இரவு பசை விட்டு விழுந்த சீட்டை
துப்புரவுக்கு வந்தவர் கவனமாய் எடுத்து
'முடிந்தவை' பத்தியில் ஒட்டிவிட்டுப் போனார்.
எங்கள் வரலாற்றிலேயே விரைந்து முடிந்த வேலை அது.

வெள்ளி மாலை. எது வலித்தது?
பெயர் போடாமல் எழுதச் சொன்னாள் நாட்யா.
ஒரு சீட்டில்:
'ஏப்ரலில் இருந்து எனக்குப் புரியவில்லை. தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.'
அந்தச் சாய்ந்த கையெழுத்து எல்லாருக்கும் தெரியும்.
யாரும் ரேட்டோவைப் பார்க்கவில்லை,
எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம்.
நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு
எழுபத்திரண்டு என்று மட்டும் எழுதினேன்.

இந்த ஊரே ஒரு தடங்கலில் முளைத்தது.
மேலிருந்து வந்த உப்புப் படகுகள்
அருவிக்கு முன்னால் கரை ஒதுங்கின.
மூட்டை மூட்டையாய் இறக்கினார்கள்,
வண்டியில் ஏற்றினார்கள்,
கீழே வேறு படகில் அடுக்கினார்கள்.
ஒரே பாய்ச்சலில் போயிருந்தால்
இங்கே ஒரு வீடும் இருந்திருக்காது.

செவ்வாய் பத்தே முக்காலுக்கு
வால்வு கால் சுற்றுத் திரும்பியது.
வேறொரு வால்வு.
ஒரு தெருவில் பதினோரு நிமிடம் தண்ணீர் நின்றது;
பாதி ஷாம்பூவோடு ஒருவர் தொலைபேசினார்.
ரேட்டோ முதன்முறையாகக் கை தூக்கி,
"எண்களை எங்கே மாற்றிப் போட்டோம் என்று
இப்போது எனக்குப் புரிகிறது" என்றார்.

மேலிடத்து மின்னஞ்சல் காத்திருக்கிறது: எவ்வளவு முடிந்தது?
ஒன்று, அதுவும் தவறாக, என்று எழுதியிருக்கிறேன்.
இன்னும் அனுப்பவில்லை.