இடது, வயது நாற்பத்து மூன்று

கிருஷ்ணராஜபுரம் தொங்குபாலத்துக்கு அந்தப் பக்கம்
மூன்றாவது மாடியில் எனக்கொரு நாற்காலி,
இரண்டு திரை, ஏசிக் குளிருக்கு ஒரு சால்வை.
பெயர் வெட்டி எடுக்கப்பட்ட மார்பகங்கள்
காலை ஒன்பதிலிருந்து வரும்.
எண், பக்கம், வயது. அவ்வளவுதான் விவரம்.
கருப்புக்குள் சாம்பல், சாம்பலுக்குள் வெள்ளை.
பிள்ளை கடித்த தழும்பெல்லாம் படத்தில் விழாது.

வெள்ளையாய் எது திரண்டிருக்கிறதோ
அதைச் சுற்றி நான் ஒரு வேலி போடவேண்டும்.
இயந்திரமும் தன் பங்குக்கு ஒரு கட்டம் போடும், மஞ்சளில்.
சரியென்றால் ஒரு விசை. தப்பென்றால் ஒரு விசை.
ஆயிரம் முறை சொன்னால்
ஒருமுறை கற்றுக்கொள்ளும் பிள்ளை அது
என்பார் டாக்டர் நாகவேணி.
பிள்ளைக்குச் சம்பளமில்லை.
எனக்குப் படத்துக்கு ஒன்பது ரூபாய்.

செவ்வாய்க்கிழமை, ஐந்து முப்பத்தெட்டு.
ஆறு பத்துக்கு மாரிக்குப்பம் வண்டி.
அதை விட்டால் பங்காருபேட்டையில் இறங்கி
ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாய்ப் போகவேண்டும்.
கடைசிப் படம். இடது. நாற்பத்து மூன்று.
அக்குள் பக்கம், ஓரத்திலும் ஓரமாய்
மஞ்சள் கட்டம்.
உள்ளே உப்பு சிந்தினதுபோல் ஐந்து புள்ளி.
தூசி, என்றது என் கை.
தப்பு, என்று அழுத்திவிட்டுப் பையை எடுத்தேன்.

மாலூரில்தான் உட்கார இடம் கிடைத்தது.
எதிரே கார்மெண்ட்ஸ் பெண்கள்
பூண்டு உரித்துக்கொண்டு வந்தார்கள்,
வீட்டுக்குப் போய் உரிக்க நேரமில்லாமல்.
தோல் பறந்து என் கருப்புச் சுடிதாரில் விழுந்தது,
தோளில் ஒன்று, முட்டியில் ஒன்று.
தட்டினேன், போயிற்று.
தூசியென்றால் இப்படித்தானே விழும்,
அங்கொன்று இங்கொன்றாய்.
அந்த ஐந்தும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டல்லவா நின்றன.

கோரமண்டலில் இறங்கும்போது
சயனைடு மேடு இருட்டில் வெளுத்துக் கிடந்தது.
சலித்துக் கொட்டிய மண்.
அதிலும் கொஞ்சம் மிச்சமிருக்குமென்று
இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

புதன்கிழமை முதல் ஆளாய்ப் போனேன்.
எண்ணைக் குறித்துவைக்கவில்லை.
இடது, நாற்பத்து மூன்று என்று தேடினால்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
எழுபத்தாறாவதாய் வந்தாள்,
கட்டத்தின் குறுக்கே என் சிவப்புக் கோட்டோடு.

டாக்டர் நாகவேணி பெரிதாக்கிப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.
"கட்டம் சரி."
"அந்தம்மாவுக்கு உடனே போன் பண்ணணும் மேடம்."
பதில் சொல்லாமல் திரையின் கீழ்மூலையைத் தொட்டார்.
படம் எடுத்து ஆறு வருஷம்.
"இது மெஷின் படிக்கிறதுக்கான படம், சலோமி.
அவங்களுக்கு என்ன ஆகணுமோ
ஆகி முடிஞ்சிருக்கும்."

சிவப்பை அழித்தேன்.
சரி, என்று அழுத்தினேன்.
மஞ்சள் பச்சையானது.
யாருக்கு என்ன செய்தேனென்று தெரியவில்லை.
அன்று நாற்பது படம் குறைவு.
சூப்பர்வைசர் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

அடுத்த மாதம் எனக்கு நாற்பத்தொன்று.
சிவாஜி நகரில் ஓர் ஆஸ்பத்திரி.
எத்தனை ஆயிரம் இடதுகளை அறிவேன்,
என்னுடையதைத் தவிர.
ஜில்லென்ற தகட்டில் வைத்து அழுத்தி
"உசிரு புடிகொள்ளி" என்றாள் டெக்னீஷியன்.
பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் ஒரு படிவம்.
பெயரில்லாமல் உங்கள் படத்தை
ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?
கையெழுத்துப் போட்டேன்.

எங்கோ ஒரு மாடியில்,
சால்வை போர்த்திய ஒருத்திக்கு
கடைசிப் படமாய் வருவேன்.
இடது, நாற்பத்தொன்று.
அவளுக்கும் ஒரு வண்டி இருக்கும்.
அன்றைக்கு அது
கொஞ்சம் தாமதமாய் வரட்டும்.