கட்டாயப் புலம்

பெருங்குடி, ஆறாவது மாடி, இரவு ஒன்பதே கால்.
ஏசியை அணைத்துவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால்
பள்ளிக்கரணைக் குப்பையின் புகை.
டிக்கெட்டில் இருப்பது ஒரே வரி:
கட்டாயப் புலங்கள் உறுத்துகின்றன, அழகாக்கவும்.

குடிநீர் இணைப்புக்கான விண்ணப்பம்.
பதினொரு கட்டங்கள், ஒன்பது கட்டாயம்.
பக்கம் திறந்ததுமே ஒன்பதும் சிவந்து நிற்கின்றன,
இன்னும் ஓர் எழுத்துகூடத் தட்டாதவளிடம்
ஏன் தட்டவில்லை என்று.

முதலில் அதைச் சரிசெய்தேன்.
தொட்டு, விட்டு, நகர்ந்த பிறகு சிவந்தால் போதும்.
ஸ்டைல்ஷீட்டில் ஒரு சொல் மாற்றம்.
அந்தச் சொல்லை ரேஷன் கடை ஜன்னலுக்கும்
எழுத முடிந்தால்...
சரி, வேலையைப் பார்.

இரண்டு பிக்சல் பார்டரை ஒன்றாக்கினேன்.
ரத்தச் சிவப்பை மாதுளைத் தோல் வரைக்கும் இறக்கினேன்.
நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டு
'தேவை' என்று சாம்பல் நிறத்தில் சொல்லவைத்தேன்.
மூலைகளை மழித்தேன். நிரப்பிவிட்டால்
பாசிப்பயறுப் பச்சை.

ஏழாவது கட்டம்: தந்தை / கணவர் பெயர்.
அதற்கும் அதே மாதுளை, அதே வளைவு.
என்ன செய்தாலும்
அழகாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.
கேட்காமல் இருக்கவைக்கும் சொல்
என் கோப்பில் இல்லை.
அது இருதயராஜின் சர்வரில் இருக்கிறது.
கேட்டால், பட்டியலில் அப்படித்தான் என்பார்.
பட்டியல் எழுதியவர் மாற்றலாகி ஓசூரில்.

டெஸ்டிங் ரெஹானா நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தாள்,
பழைய விண்ணப்பங்களைத் திறந்தாள்.
எர்ணாவூர், ஒரு புள்ளி.
கண்ணகி நகர், ஒரு புள்ளி.
கன்னிகாபுரம், ஒரு கோடு.
வியாசர்பாடி, புள்ளி, புள்ளி, 'இல்லை', புள்ளி.
காலியாக விடத்தானே கூடாது?

"எல்லாம் தப்பு டேட்டா இல்லையா?" என்றாள்.
மூன்றெழுத்துக்குக் குறைந்தால் தடுத்துவிடலாம்.
அதுவும் ஒரே வரிதான்.

பதில் சொல்லாமல்
சோதனைக்கு என் விவரங்களையே போட்டுப் பார்த்தேன்.
பெயர், கதவு எண், கைபேசி, ஆதார்,
ஏழாவதில் விரல் நின்றது.
கட்டம் சிவக்கவில்லை.
நான் சொல்லியிருந்தபடி காத்திருந்தது.

புள்ளி வைத்தேன்.

கால் நொடியில்
நான்கு பக்கமும் பச்சை படர்ந்தது.
புளியந்தோப்பில், ஒன்றாம் வகுப்பில்,
நாற்பத்திரண்டு பேர் ஒரே குரலில் கத்தியது
எங்கிருந்தோ காதில் விழுந்தது:
புள்ளி வெச்சா மெய்!

பத்து மணி ரயிலுக்கு எட்டு நிமிடம்.
டிக்கெட்டை மூடுமுன் அவசரமாக எழுதினேன்:
ஏழாவது புலத்தில் ஒற்றை எழுத்தும் செல்லும், தடுக்க வேண்டாம்
ரெஹானா, பையை மாட்டிக்கொண்டே குனிந்து,
நான் விட்டுவிட்ட முற்றுப்புள்ளியை
வைத்தாள்.