எண்பத்து மூன்றாவது நிமிடம்

உவர்மலையில் கரண்ட் போய் வந்த இரவு.
அவனுக்குத் தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஒரு வசனத்துக்கு இரண்டு வரி, நாலு செக்கன்.
அதற்குமேல் யாருடைய வேதனையும் திரையில் நிற்காது.

நகரம் எரிந்து முடிந்து முப்பது வருடமாம்.
தண்ணீர்க் கொம்பனிதான் அரசாங்கம்.
தைத்த காயத்தோடு வருகிறான்,
வாயில் பற்றவைக்காத சிகரெட்,
துப்பாக்கியில் ஏழு குண்டு.
ஒரு பிள்ளை காலைக் கட்டிப்பிடிக்கிறது.
தோளை மட்டும் குலுக்குகிறான்.

"எனக்குக் கவலையில்லை" என்று முதலில் எழுதினேன்.
கந்தோர்க் கடிதம் மாதிரி இருந்தது.
"எனக்குத் தேவையில்லாத வேலை"
செக்கனுக்குள் அடங்கவில்லை.
அழித்துவிட்டு
"எனக்கென்ன" என்று போட்டேன்.
அச்சாவாய்ப் பொருந்தியது.
பொருந்தாமல் என்ன,
இந்த ஊரில் பேச்சு வரும்போதே
கூட வருகிற சொல்.
பஸ் நிலையத்தில் பொலித்தீன் தின்கிற மான்கூட
ஹோர்ன் அடித்தால் அப்படித்தான் பார்க்கும்.

அவனுடைய பாழ்நகரத்தைக் கட்ட
எத்தனை கோடி கொட்டினார்களோ.
சீனக்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்
சும்மாதான் நின்று துருப்பிடிக்கின்றன.
கமராவோடு ஒருவரும் வருவதில்லை.
ஒப்பந்தத்தோடுதான் வருகிறார்கள்.

இது எனக்குப் பதினோராவது படம்.
இவன்களை எனக்குத் தெரியும்.
எட்டுத்தரம் எனக்கென்ன என்பான்,
காட்டிக்கொடுக்கக் காசு வாங்குவான்,
செத்தவனின் சப்பாத்தைக் கழற்றிப் போடுவான்.
எண்பத்து மூன்றாவது நிமிடத்தில்
பாலத்தின் நடுவில் நிற்பான்.
திரும்புவான்.
சில படத்தில் எண்பத்தைந்து.

சுவருக்கு அந்தப்பக்கம் ஜெயவதனியின் வீடு.
புருஷன் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து வந்தால்
முதலில் டீவியின் சத்தம் கூடும்.
பிறகு சட்டி.
பிறகு, அவள் சத்தம் போடாமலிருக்கிற சத்தம்.
நான் ஹெட்ஃபோனில் இரண்டு புள்ளி ஏற்றுவேன்.
ஒன்றரை வருடமாக.
காலையில் மதிலுக்கு மேலால் கறிவேப்பிலை கேட்பாள்,
கொடுப்பேன்.
முகத்தைப் பார்க்காமல் கொடுக்கப் பழகியிருக்கிறேன்.

பாலம் வந்துவிட்டது.
மழை, போலி மழை,
ஒரு கோணத்தில் குழாய்கூடத் தெரிகிறது.
குண்டு ஒன்றுதான் மிச்சம்.
திரும்புகிறான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
இந்த இடத்தில் எனக்கு வேலையில்லை,
பேசாத இடத்துக்கு வரி போடக்கூடாதென்று
காசு தருகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.
ஏதோ மூடியொன்று
அங்கே இன்னும் சுற்றிச் சுற்றி
விழுந்து முடியவில்லை.

என்னிடம் குண்டில்லை.
கேற் திறப்பு இருக்கிறது,
பற்றரி இறங்கிய டோர்ச் இருக்கிறது.
ஒரு செருப்பைப் போட்டுவிட்டேன்.
மற்றது கட்டிலுக்கடியில் எங்கேயோ.
எனக்கென்ன, எனக்கென்ன என்று
வாய் தன்பாட்டில் சொல்ல
குனிந்து
தேடிக்கொண்டிருக்கிறேன்.